பாராட்டு வந்த அன்று

பேராசிரியர் மாசிலாமணி கோயம்புத்தூரில் ஒரு மில் குடியிருப்பில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க மில் தொழிலாளிகளைப் பற்றியே ஆராய்ந்து எழுதினார். சிவப்புக்காரர் என்று கல்லூரி அவரை வெளியே அனுப்பியது. சிவப்பு போதவில்லை என்று கட்சியும் வெளியே அனுப்பியது. இரண்டு இடத்திலும் போகும்போது ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை.

கட்சியிலிருந்து அவரை நீக்கச் சொன்னவர் மில் தொழிலாளர் சங்கத் தலைவர் அங்கண்ணன். சங்க அலுவலகத்திலேயே சாதிக்கொரு தண்ணீர்ப் பானை இருந்தது என்று மாசிலாமணி முதல் புத்தகத்தில் எழுதியதுதான் குற்றம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் அங்கண்ணன் தன் மாதப் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார். மாசிலாமணியோ ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பிரதியையும் அவருக்குத்தான் அனுப்பினார்.

மாசிலாமணியிடம் படித்து, இப்போது தானும் கல்லூரியில் பாடம் நடத்தும் மரகதம் ஒருநாள் காலை வந்தாள். அவளுடைய முதல் புத்தகம் அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

"ஐயா, ஒரு அத்தியாயம் பயமா இருக்குங்க. பெரிய வேலைநிறுத்தத்துல கஞ்சித் தொட்டியை நடத்தினது பூரா பொம்பளைங்க. பேச்சுவார்த்தைக் குழுவுல ஒரு பொம்பளை கூட இல்லைன்னு எழுதியிருக்கேன். குழுவுக்குத் தலைவர் அங்கண்ணன்."

"சரி."

"என்னை உயிரோட விடமாட்டார். அதை எடுத்துடட்டுமா, இருக்கட்டுமா? சாயங்காலத்துக்குள்ள அச்சகத்துக்குச் சொல்லணும்."

 மாசிலாமணி அன்றைய தபாலில் வந்த அங்கண்ணனின் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியின் புதுப் புத்தகத்துக்கு அதில் மதிப்புரை வந்திருந்தது. படித்ததும் முகம் வாடிவிட்டது.

"ரொம்பத் திட்டியிருக்காருங்களா?"

"சிறந்த நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்னு எழுதியிருக்கார்."

"நல்லதுதானேங்க?"

"ஆளுக்கு உடம்பு சரியில்லை. கிளம்பு."

இருவரும் ஆட்டோ பிடித்து அங்கண்ணன் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் நின்ற மருமகள், "நாலஞ்சு நாளா சரியா சாப்பிடறதில்லைங்க. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார்" என்றாள்.

அங்கண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னை இப்படிக் கேவலப்படுத்தலாமா தோழர்?" என்றார் மாசிலாமணி.

"பாராட்டித்தானே எழுதினேன்."

"அதைத்தான் கேக்கறேன்."

"கண்ணுல புரை. உங்க புத்தகத்தைப் படிக்கவே இல்லை தோழர். திட்டணும்னா முழுசாப் படிக்கணும். பாராட்ட அட்டையைப் பார்த்தாப் போதும்."

மாசிலாமணி மரகதத்திடம் திரும்பினார். "அந்த அத்தியாயம் பையிலதானே இருக்கு? படி."

அவள் தயங்கினாள். பிறகு எடுத்துப் படித்தாள். முதல் பக்கம் முடிந்தது. அங்கண்ணன் அசையவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு கை மேலே வந்தது.

"நிறுத்து அம்மணி. தப்பு. பொம்பளைங்களை நாங்க கூப்பிட்டோம். அவங்கதான் வரலை."

"கூட்டம் எப்பங்க வெச்சீங்க?"

"சாப்பாடெல்லாம் முடிஞ்ச பின்னாடிதான்."

"அந்த நேரத்துல அண்டாவைக் கழுவிட்டு இருந்தது யாருங்க? எங்கம்மா அங்கதான் இருந்தாங்க."

அங்கண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.  

"இது குட்டி முதலாளித்துவப் பார்வை" என்றார்.

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. "எனக்கும் இதையேதான் சொன்னார்" என்றார் மரகதத்திடம்.

"நீங்க சும்மா இருங்க தோழர். சீடப்பிள்ளையைக் கெடுத்து வெச்சிருக்கீங்க. அம்மணி, பேனா இருக்கா? எனக்குக் கண் தெரியாது. உன் புத்தகத்துக்கு மறுப்பு சொல்றேன், நீயே எழுதிக்கோ."

"என்னைத் திட்டறதை நானேவாங்க?"

"உன் கையெழுத்து நல்லா இருக்கும்போலத் தெரியுது."

அவள் எழுதத் தொடங்கினாள். அவர் சொல்லச் சொல்ல, "இந்த வாதம் நிக்காதுங்க" என்று இடையிடையே மறுத்தாள். அவர் இன்னும் பலமான வாதமாகத் தேடினார். சிரிப்பும் கத்தலுமாக வீடு அதிர்ந்தது. பானை விஷயத்தில் மாசிலாமணி தலையிட, பழைய சண்டையும் முதலிலிருந்து தொடங்கியது.

நடுவில் அங்கண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சாப்பாடு என்னாச்சு? மனுஷன் எவ்வளவு நேரம் பட்டினியாக் கிடக்கறது?"

மருமகள் ஓடிவந்து இலை போட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண் டாக்டரிடம் எப்போது போகலாம் என்று விசாரித்தார்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ஆட்டோவில் மரகதம் கைபேசியை எடுத்தாள்.

"ஐயா, அச்சகத்துக்குச் சொல்லணும். அத்தியாயத்தை எடுத்துடறதா, விடறதா? நீங்க இன்னும் சொல்லவே இல்லைங்களே."

மாசிலாமணி தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"எடுத்துட்டா, அவருக்கு நாளைக்குச் சோறு இறங்குமா?"