ஆயுதம் எடுக்கத் தெரிந்தவள்

வில்லவராயன் அந்தக் குடிசைக்கு வந்து சேர்ந்தபோது அவனுடைய கோவேறு கழுதையின் முதுகில் முப்பத்தொரு ஆயுதங்கள் இருந்தன. வாள், வேல், சக்கரம், இடி விழுந்த மரத்தில் செய்த வில். ஏழு வருஷம் நாடு நாடாக அலைந்து சேர்த்தவை. கழுதைக்கு அவற்றில் எதன் மீதும் மரியாதை இல்லை. வாசலைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டது.

வாசலில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவனைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள்.

"உலகாயியைப் பாக்கணும்."

"பாத்துட்டீங்க."

ஆறடி உயரமும் கையில் வாளுமாக ஒருத்தியை அவன் மனதில் வைத்திருந்தான். இருந்தாலும் என்ன செய்ய, வந்தாயிற்று. கவசம் கடகடவென்று ஓசையெழுப்ப அவள் காலில் விழுந்தான்.

"ஆயுதம் எடுக்கறதுல உங்கள மிஞ்ச ஆளே கிடையாதுன்னு மூணு நாட்டுல சொன்னாங்க. ஆயிரம் ஆயுதம் எடுத்த கைன்னாங்க. எனக்கும் எடுக்கக் கத்துக்குடுங்க."

"யாருக்காக?"

"கனலாட்டிக்காக."

உலகாயி அலசுவதை நிறுத்தினாள்.

கனலாட்டி மேற்கு மலையில் இருக்கும் பறவைநாகத் தெய்வம். வருஷா வருஷம் கதிர் முற்றியதும் இறங்கி வருவாள். ஏழுமதகு என்ற ஊரின் வயல்களுக்கு மேலே ஒருமுறை புரண்டு பறப்பாள். வயல் மொத்தமும் சாம்பலாகிவிடும். குறுக்கே நின்றவர்களும்தான். ஏழுமதகு வில்லவராயனின் ஊர். இந்த அறுவடையும் எரிந்தால் ஊரையே காலி செய்வது என்று பேசி முடித்துவிட்டார்கள். அவன் மகள் இப்போதே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். வலது கை அந்தத் தீயில் வெந்துபோனதால் இடது கையாலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவன் மறுபடி கிளம்பி வந்திருந்தான்.

"கையைக் காட்டுங்க," என்றாள் உலகாயி.

காட்டினான்.

"நடுங்குது. அறுவடைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குல்ல? போதும். ஆனா கத்துக்கறதா இருந்தா இனிமே உங்களுக்கு 'நீங்க' எல்லாம் கிடையாது. 'நீ'தான்."

"சரிங்கம்மா."

முதல் ஏழு நாள் துணி அவித்தான். எண்ணெய் காய்ச்சினான். குறடுகளைத் தேய்த்து வைத்தான். வாள் பயிற்சிக்கு முன்னால் இதெல்லாம் உண்டு போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

எட்டாம் நாள் தொடையில் அம்பு தைத்த ஒரு வேடனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். உலகாயி காயத்தைச் சுற்றி விரலால் தடவினாள். வேடன் காதருகே ஏதோ சொன்னாள். குறடால் பிடித்து ஒரே இழுப்பு. அம்புமுனை தட்டில் விழுந்தது.

"ஆயிரத்து நாப்பத்தி மூணு," என்றாள்.

வில்லவராயனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதுவா?"

"எது?"

"இதுவா ஆயுதம் எடுக்கறது?"

"ஆமா. நீ என்னன்னு நினைச்ச?"

அவன் முகம் சிவந்தது. மூன்று நாட்டுக்காரர்களும் உள்ளதைத்தான் சொல்லியிருந்தார்கள். அவன்தான் தன் காதுக்குப் பிடித்த மாதிரி கேட்டுக்கொண்டான். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. விறுவிறுவென்று ஆயுதங்களைக் கழுதை மேல் ஏற்ற ஆரம்பித்தான்.

"நாலு தலைமுறையா எறிஞ்ச ஆயுதம் கனலாட்டி உடம்பு பூரா குத்தி நிக்குது. செதில் மாதிரி. புதுசா எதை எறிஞ்சாலும் அதுவும் ஒரு செதிலாயிடுது. அதைத் துளைக்கற ஆயுதம் ஒண்ணு வேணும்னு வந்தேன். எட்டு நாளா துணி அவிச்சிட்டிருக்கேன்!"

"உன்னோடதும் அங்க இருக்கா?"

"இருக்கு. கழுத்துல. எங்கப்பா வாள். ஏழு வருஷமாச்சு."

"அதுக்கப்புறம் தீ குறைஞ்சுதா?"

கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டான்.

"கூடுச்சு," என்றான். "அடுத்த வருஷம்தான் எம் பொண்ணு கை..."

உலகாயி அவனை முடிக்க விடவில்லை.

"தீ எங்கேருந்து வருது? வாயிலேருந்தா?"

அவன் யோசித்தான்.

"தெரியலம்மா. எல்லாரும் ஓடிட்டிருந்தோம்."

அவள் கழுதையின் முதுகிலிருந்து இரண்டு வாள்களை உருவினாள். தரையில் காய்ந்த பஞ்சைப் பரப்பி, அதற்கு மேலே இரண்டு வாள்களையும் ஒன்றோடொன்று வேகமாக உரசினாள். பொறி பறந்தது. பஞ்சு பற்றிக்கொண்டது.

வில்லவராயன் அது எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு பூராவும் ஆயுதங்களோடு கனலாட்டி வயலுக்கு மேலே புரள்வது அவன் கண்ணுக்குள் வந்தது. மூட்டையை இறக்கினான். கழுதை பெருமூச்சு விட்டது.

ஆள் கெட்டிக்காரன்தான், ஆனால் முரடன். மூன்றாம் மாசம் ஒரு சிப்பாயின் தோளில் ஒடிந்திருந்த வேல்முனையை வில்லவராயனையே எடுக்கச் சொன்னாள். சிப்பாய் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து வெடுக்கென்று இழுத்தான். சிப்பாய் விட்ட உதையில் வில்லவராயனுக்கு முன்பல் போயிற்று.

உலகாயி வாய்விட்டுச் சிரித்தாள்.

"பயப்படுவான்னுதாம்மா சொல்லல," என்றான் வாயைப் பொத்திக்கொண்டு.

"சொல்லாம எடுத்தா அதுவும் ஒரு குத்துதான்."

அதன் பிறகு அவன் சொல்லாமல் எதையும் எடுத்ததில்லை.

ஐந்தாம் மாசம் ஒரு குறடும் எண்ணெய்ச் சட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். முப்பத்தொரு ஆயுதங்களும் குடிசைக்குப் பின்னால் கிடந்தன. வாசல் படலைத் தாண்டியவன் திரும்பி வந்தான்.

"கனலாட்டி கெட்டவம்மா. எடுக்கவிடாம என்னைக் கொன்னுட்டா?"

"கொல்லலாம்."

"அதுக்கு என்ன செய்யறது?"

"சொல்லிட்டு எடு."

அறுவடை முடிந்து பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். ஒரு காது இல்லை. கழுதையின் முதுகில் ஒரு மூட்டை மட்டும் இருந்தது. புது அரிசி. உலகாயி அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"மலையேறிப் போய் குறடைக் காட்டினேன். எடுக்கப் போறேன்னு சொன்னேன். வாலால ஒரு அடி. பள்ளத்துல போய் விழுந்தேன். ஏறி வந்து மறுபடி சொன்னேன். காது அப்பத்தான் போச்சு. மூணாவது தடவை சொன்னப்போ அசையாம படுத்திருந்தா."

பதினோரு நாள் ஆயிற்று. நானூற்றுப் பதினாறு ஆயுதங்கள். ஒவ்வொன்றை எடுப்பதற்கு முன்னாலும் கனலாட்டி, "எவனுடையது?" என்று கேட்டிருக்கிறாள். பிடியில் பெயர் வெட்டியிருந்தால் அவன் துடைத்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். கடைசியாக நின்றது கழுத்திலிருந்த வாள்.

"இன்னும் ஒரு சாண் அழுத்தினா உயிர் போயிடும்னு கைக்குத் தெரிஞ்சுதும்மா. அவளுக்கும் தெரியும். எவனுடையதுன்னு கேட்டா."

"நீ?"

"என்னோடதுன்னேன்."

அவன் கண்ணில் நீர் தளும்பியது.

"அப்புறம்?"

"எடுக்கப் போறேன்னேன். எடுத்தேன்."

இந்த வருஷமும் கனலாட்டி வயலுக்கு மேலே வந்திருக்கிறாள். புரண்டு பறந்திருக்கிறாள். காற்றுதான் அடித்தது. கதிர்கள் தரையோடு சாய்ந்து நிமிர்ந்தன.

"போற போக்குல ரெண்டு எருமையத் தூக்கிட்டுப் போயிட்டா. கெட்டவதான் அவ," என்றான்.

உலகாயி சிரித்தாள்.

எடுத்த ஆயுதங்களை அவன் ஊர் எல்லையில் கொண்டுபோய்க் குவித்திருந்தான். பெண்கள் வந்து பெயர் பார்த்துத் தேடினார்கள். கணவன் வாள் கிடைத்தவர்கள் அதை முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அவன் மகள் கட்டிய மூட்டைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டாள்.

சோறு வெந்தது. உலகாயி இலையில் போட்டாள். அவன் கை வைக்கவில்லை.

"இன்னும் என்ன?"

"ஊர்ல நாப்பது பேர் வேல் தீட்டிட்டிருக்காங்க. அவ உடம்பு இப்ப வெறும் தோல், குத்தினா செத்துடுவாங்கறாங்க. அவ சாகாம வேலெல்லாம் குத்தி நின்னுட்டா மறுபடி தீதான்னு சொல்லிப் பாத்தேன். என் பேச்சை யாரும் கேக்கல. வளர்பிறையில மலையேறப் போறாங்களாம்."

"அந்த நாப்பது பேர்ல, அவகிட்ட யாரையும் பறிகுடுக்காதவங்க எத்தனை பேர்?"

அவன் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தான்.

"ஒருத்தரும் இல்லம்மா."

உலகாயி அவன் இடுப்பிலிருந்த குறடை வாங்கிச் சுவரில் மாட்டினாள்.

"கையைக் காட்டு."

காட்டினான். நடுங்கவில்லை.

"சாப்பிட்டுக் கிளம்பு. ஒவ்வொரு வீடாப் போ. எங்க வலிக்குதுன்னு கேளு. எடுக்கப் போறேன்னு சொல்லு. அப்புறம் எடு."

"அந்த வேல்களையா?"

"வேல் அவங்க கையிலதான இருக்கு," என்றாள் உலகாயி. "உள்ள குத்தி நிக்கறத எடு."