தோற்காத ராஜா

விருதுநகரில் வசுமதி என்றொருத்தி இருந்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டுகளை உருவாக்குவது அவள் தொழில். ஒருநாள் தன் ரசிகர்களோடு பேசி விளையாட ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்திருந்தாள்.

பேச்சு களைகட்டிய நேரத்தில் மண்டப முதலாளி சிங்காரவேலு வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார். "நானும் ஆடுறேன். எனக்கு ராஜா வேஷம். அந்த ராஜா எதுலயும் தோற்கக் கூடாது. முடியாதுன்னா இப்பவே மண்டபத்தைக் காலி பண்ணுங்க."

ரசிகர்கள் முகம் வாடியது. தோல்வியே இல்லையென்றால் அது என்ன விளையாட்டு? வசுமதி மட்டும் சிரித்தபடி, "அப்படியே எழுதிக்கிறேங்க" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. திருடன் வேடம் ஏற்ற மண்டபத்து எலக்ட்ரீஷியன் லூர்துராஜ் பகடை உருட்டினான். திருடன் மதிலிலிருந்து வழுக்கிச் சாணிக்குழியில் விழுந்தான். கூட்டமே குலுங்கிச் சிரித்தது. ஒரு மணி நேரமாகியும் சிங்காரவேலு கைக்குப் பகடை வரவில்லை.

"எனக்கு எப்பம்மா?"

"தோற்க வாய்ப்பு இருக்கிறவங்கதாங்க பகடை உருட்டணும். உங்ககிட்ட எதிரியே வரமாட்டான். நீங்க சிம்மாசனத்துல சௌகரியமா உட்காருங்க."

சிங்காரவேலு இன்னும் பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராஜாவுக்கு நீச்சல் தெரியாதுன்னு எழுதிக்கம்மா" என்றார்.

வசுமதி கதையை ஆற்றங்கரைக்கு நகர்த்தினாள்; பகடை அவர் கைக்கு வந்தது. ஆவலாக உருட்டினார். பகடையில் வெறும் ஒன்று விழுந்தது; ராஜா ஆற்றில் விழுந்தார்.

"லூர்து, காப்பாத்துடா" என்றார்.

லூர்துராஜ் நிதானமாக யோசித்தான். "முதல்ல கிரீடத்தைக் கழட்டி இப்படிக் குடுங்க முதலாளி. கனம் ஜாஸ்தி. அப்புறம் கையைப் பிடிக்கிறேன்."