தளவாய்க்கு ஒரு பிடி அரிசி

கருமலைப் பாளையத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. படையை நடத்தும் புதிய தளவாய் இன்னார் என்று பாளையத்தை ஆளும் துரை வாயால் சொல்லிவிட்டால் மட்டும் ஆகாது. படைக்குத் தானியம் சுமக்கும் பொதிமாட்டுக் கூட்டத்தின் தலைவன் ஒரு பிடி அரிசியை அள்ளி அந்த ஆளின் உள்ளங்கையில் போட வேண்டும். போடாவிட்டால் மாடு நகராது. மாடு நகராவிட்டால் படையும் நகராது.

அந்த அரிசியைப் பிடித்தபடி, போடாமல் நின்றுகொண்டிருந்தான் பொதிமாட்டுத் தலைவன் ஒச்சப்பன். ஒற்றை மாட்டோடு தொழிலுக்கு வந்து, சந்தை சந்தையாக ஏமாந்து, அடிபட்டு, திருப்பி அடித்து, பேரம் படித்து ஆளானவன். மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கு அது உச்சந்தலையில் நின்றது.

பழைய தளவாய் போன சண்டையில் மாண்டுபோனார். எதிரி மறுபடியும் எல்லைக்கு வந்துவிட்டான். செங்கணான், ராயப்பன், தொட்டப்பன் என்று மூன்று படைத்தலைவர்கள் பதவிக்கு நிற்க, துரையோ, “நீயே பார்த்துப் போடு ஒச்சப்பா” என்று வெற்றிலை மடிக்க உட்கார்ந்துவிட்டார். படையோடு போகும் மாட்டுக்காரர்களில் ஒச்சப்பனின் மருமகனும் ஒருவன். “அப்பா, எவன் பின்னால அவரை அனுப்பப் போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க” என்று காலையில் மகள் கேட்டிருந்தாள்.

போன சண்டையில் நடந்தது இதுதான். படை பின்வாங்கி வரும்போது குறுக்கே காட்டாறு. தளவாய் சாகுமுன் இட்ட கட்டளை தெளிவானது. மாடுகள் ஆற்றைக் கடக்கும்வரை செங்கணான் தன் ஆட்களோடு மேட்டில் நின்று எதிரியைத் தடுக்க வேண்டும். கடந்ததும் துறையில் நிற்கும் ராயப்பன் முரசை அடிக்க வேண்டும். முரசு கேட்டதும் மேட்டில் நிற்பவர்களும் ஆற்றைக் கடந்து வந்துவிட வேண்டும். அக்கரையில் தொட்டப்பன் தானிய மூட்டைகளைக் காக்க வேண்டும். மூன்று படைக்கும் சேர்த்து இருந்தது அந்த ஒரே முரசு.

மாடுகள் பாதி ஆற்றில் இருக்கும்போதே வெள்ளம் ஏறியது. காயம்பட்டவர்கள் கரையில் கிடந்தார்கள். ராயப்பன் முரசைக் கவிழ்த்து ஆற்றில் விட்டான். அதைப் பிடித்துக்கொண்டு காயக்காரர் அத்தனை பேரும் பிழைத்துக் கரையேறினார்கள். முரசை வெள்ளம் கொண்டுபோனது.

மாடுகள் கடந்தன. முரசு ஒலிக்கவில்லை. செங்கணான் இடம் விட்டு அசையவில்லை. முன்வரிசையில் நின்று முகத்தில் வெட்டு வாங்கினான். அவன் ஆட்களில் பாதிப் பேர் அந்த மேட்டிலேயே விழுந்தார்கள்.

அக்கரையில் தொட்டப்பன் முரசுச் சத்தம் வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூட்டைகளைக் கிழித்தான். வீரன், மாட்டுக்காரன் என்று பாராமல் ஆளுக்கு முடிந்தமட்டும் அரிசியை மடியில் கட்டச் சொன்னான். வெறும் மாடுகளை ஊர்ப்பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டு, ஆற்றின் குறுக்கே வடம் கட்டி, ஆட்களோடு திரும்பிப் போய் செங்கணானையும் மிச்சம் இருந்தவர்களையும் இழுத்து வந்தான். அதற்குள் வேறு துறை வழியாக வந்த எதிரிக் குதிரைக்காரர்கள் காவலில்லாமல் கிடந்த மிச்ச மூட்டைகளை எரித்துவிட்டார்கள். எரிந்தது ஒச்சப்பன் வருஷம் முழுக்க ஓடியாடிச் சேர்த்த நெல்லும் அரிசியும்.

ஆகவே அவன் முதலில் பாய்ந்தது தொட்டப்பன் மேல்தான். “காவலுக்கு வச்ச ஆளு நீரு. பத்துப் பேரை விட்டுட்டுப் போனா என்ன வே, குறைஞ்சா போயிருப்பீரு?”

“விட்டிருக்கணும் அண்ணாச்சி. என் தப்புதான்.”

“தப்புன்னு சொல்லிட்டா சாம்பல் அரிசியாயிருமா?” ஒப்புக்கொள்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? ஒச்சப்பனுக்கு இன்னும் எரிச்சல் கூடியது. ராயப்பன் பக்கம் திரும்பினான். “முரசை ஆத்துல விட்டீரே, மேட்டுக்கு ஒரு ஆளை ஓடவிட்டுச் சொன்னீரா?”

“காயம்பட்டவன் கத்துறப்ப வேற எதுவும் காதுல விழலை அண்ணாச்சி. தோணலை.”

“செங்கணாரே, மேட்டுல நின்னா ஆறு தெரியுமா, தெரியாதா?”

“கண்ணாடி மாதிரித் தெரியும்.”

“மாடு கரையேறினதைப் பாத்தீரா?”

“பார்த்தேன். முரசு கேட்கலையே! உத்தரவு இல்லாம முதுகு காட்ட நான் என்ன தொட்டப்பனா?”

வீரர்கள் கூட்டத்தில் பாதி செங்கணானின் வெட்டுத் தழும்பைப் பார்த்து ஆரவாரித்தது. பிழைத்த காயக்காரர்கள் ராயப்பன் பெயரைக் கூவினார்கள். தொட்டப்பனுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. துரை வெற்றிலையைத் துப்பிவிட்டு, “சட்டுபுட்டுன்னு போடேன்யா” என்றார்.

கேட்பவர்களே, நீங்கள் ஒச்சப்பன் இடத்தில் நில்லுங்கள். மருமகன் மாட்டோடு காத்திருக்கிறான். யார் கையில் அரிசி விழ வேண்டும்? ஏன்?

விடை: தொட்டப்பன் கையில். ராயப்பன் முரசை விட்டது குற்றமில்லை. விட்டதைச் சொல்லி அனுப்பாததுதான் குற்றம். கண்முன் கிடந்தவனுக்கு இரங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றவனை மறந்தான். செங்கணானுக்கு வீரம் குறைவில்லை. ஆனால் கட்டளை எதற்காக இடப்பட்டதோ அந்தக் காரியம் மாடுகள் கரையேறியதோடு முடிந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் காதுக்காகக் காத்திருந்து ஆட்களைச் சாகவிட்டான். தொட்டப்பன் ஒருவன்தான், கேட்க வேண்டிய சத்தம் கேட்காததை ஒரு சேதியாக எடுத்துக்கொண்டான். வழிச் சாப்பாட்டுக்கு அரிசியும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினான். செய்த பிழையை யார் தலையிலும் கட்டவில்லை. பத்துப் பேரைக் காவலுக்கு விடாதது பிழைதான், அதை மறுக்க முடியாது. ஒச்சப்பனுக்கும் இதெல்லாம் விளங்கிவிட்டது, வயிறு எரிந்தாலும். ஆனாலும் அவன் விரலைத் திறக்கவில்லை. துரையின் முன்னால் போய் நின்று, “மூணு படைக்கு ஒத்தை முரசு கொடுத்தது யாரு மகாராசா? மூணு முரசு இங்க வரட்டும். அப்புறம் போடறேன்” என்றான்.

முரசுகள் வந்த பிறகுதான் தொட்டப்பன் கையில் அரிசி விழுந்தது.