காது கேட்கும் வெண்கல யானை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள், மகுடவர்மன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்லவன்தான். ஆனால் தன் அதிர்ஷ்டத்தின் மேல் அவனுக்குக் கொஞ்சம் அதிகமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டது ஒரு வெண்கல யானை.

பொக்கிஷ அதிகாரி அனந்தகீர்த்தி செய்து வைத்த யானை அது. அரசவைக்கு எதிரே, வெட்டவெளி முற்றத்தின் நடுவில் நின்றது. தும்பிக்கையில் ஒரு காசைப் போட்டு வாலை இழுத்தால் வயிற்றில் பதித்த மூன்று சக்கரங்கள் சுழலும். மூன்றிலும் தாமரைப் படம் வந்து நின்றால் வாயிலிருந்து காசு கொட்டும். இல்லாவிட்டால் போட்ட காசு போனதுதான். "ஆடுகிறவரைத் தவிர யாரும் அதன் பக்கத்தில் போகக் கூடாதென்று காவல் போட்டிருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் திருமகளின் சித்தம்" என்பார் அனந்தகீர்த்தி. ஊர் ஜனங்கள் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தார்கள். அரசன் போட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் கொட்டியது.

அப்படிக் கொட்டிய காசை ஒரு நாள் அள்ளிக்கொண்டே, "என் அதிர்ஷ்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று அவை விகடன் தாண்டவராயனைக் கேட்டான் அரசன்.

தாண்டவராயனுக்கு இருந்த ஒரே சொத்து அவன் நாக்கு. அது அவனைக் கேட்காமலே பேசிவிட்டது. "யானைக்கு ஆள் பார்த்துக் கொடுக்கத் தெரிகிறது, அரசே. யாரோ தூரத்தில் இருந்துகொண்டு சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது."

விகடன் பேச்சை அரசன் கேட்கிறானே என்று வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்தவர் அனந்தகீர்த்தி. விடுவாரா? "திருமகளையே பழிக்கிறான், பிரபு! தங்கள் அதிர்ஷ்டம் பொய் என்கிறான். இந்த நாக்கை விட்டுவைப்பது தகாது" என்று கொதித்தார்.

அரசனுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. "நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபித்துக் காட்டு. யானையைத் தொடக் கூடாது. வயிற்றைத் திறக்கக் கூடாது. தரையைத் தோண்டக் கூடாது. பழி சொன்னது உன் நாக்குதானே? அந்த நாக்கே நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாளை முதல் அது உனக்கு இல்லை" என்றான்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது தாண்டவராயனுக்குப் புதிதல்ல; வாயே போகப்போவதுதான் புதிது. அன்று மாலை முற்றத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மோர்க்காரி செங்கமலம் வந்தாள், ஆடினாள், தோற்றாள். பிறகு அரசன் வந்தான். கட்டியக்காரன் முன்னே வந்து விருதுப் பெயர்களை முழங்கினான். அரசன் வாலை இழுத்தான். கொட்டியது.

ஆளைக் கண்ணால் பார்ப்பவன் மறைந்திருக்க அந்த வெட்டவெளியில் ஒரு தூண்கூட இல்லை. அப்படியானால் அவன் பார்ப்பவனல்ல, கேட்பவன். இது புரிந்ததும் தாண்டவராயனுக்குப் பாதி பயம் போயிற்று. மீதிப் பாதி இன்னும் பெரிதாயிற்று. உன் அதிர்ஷ்டம் இரவல் அதிர்ஷ்டம் என்று ஓர் அரசனின் முகத்துக்கு நேரே காட்டினால், நாக்கோடு போகுமா, தலையும் சேர்ந்து போகுமா?

மறுநாள் உச்சிப்பொழுதில் அவை நிறைந்திருந்தது. அரசன் சிம்மாசனத்தில் இருந்தான். முற்றத்தில் தண்டனைச் சேவகன் கத்தியோடும் இடுக்கியோடும் நின்றான். தாண்டவராயன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மோர்க்காரியை அழைத்து ஆடச் சொன்னான்.

"எத்தனை போட்டாலும் முழுங்குது சாமி இந்த மூதேவி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் ஒரு காசைப் போட்டாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னொரு காசு போடம்மா" என்றான் தாண்டவராயன். அவள் வாலில் கை வைத்ததுதான் தாமதம், அச்சு அசல் கட்டியக்காரனின் குரலில் முழங்கினான். "ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட, ராஜ கம்பீர மகுடவர்ம மகாராஜா வருகிறார்! பராக், பராக்!"

மூன்று தாமரை. காசு கலகலவென்று கொட்டியது. செங்கமலம் பயந்துபோய் மோர்ப்பானைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ராஜத் துரோகம்! மோர் விற்பவளுக்கு மன்னரின் விருதா?" என்று அனந்தகீர்த்தி எழுந்து கத்தினார். தண்டனைச் சேவகன் ஓர் அடி முன்னே வைத்தான். அரசன் கையை உயர்த்தினான். "இன்னொரு முறை."

செங்கமலம் தயங்கித் தயங்கி வந்து காசைப் போட்டு வாலைப் பிடித்தாள்; தாண்டவராயன் இன்னொரு முறை முழங்கினான். இன்னொரு முறையும் கொட்டியது.

"தற்செயல், பிரபு" என்றார் அனந்தகீர்த்தி. அவர் குரல் இறங்கியிருந்தது.

தாண்டவராயனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மெல்லப் பிரித்தெடுத்துச் சொன்னான்: "அரசே, தாங்கள் ஒரே ஒரு முறை ஆடிப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டுத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போவதுபோல், சத்தமில்லாமல்."

அரசன் எழுந்து படியில் கால் வைத்தான். "கட்டியம் இல்லாமல் மன்னர் நடப்பதா! ஏனடா சும்மா நிற்கிறாய்? முழங்கு!" என்று கட்டியக்காரனை அதட்டினார் அனந்தகீர்த்தி. அரசனின் கால் அப்படியே நின்றது. அவரைத் திரும்பிப் பார்த்தான். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

போய்க் காசைப் போட்டு வாலை இழுத்தான். ஒரு தாமரை, ஒரு மீன், ஒரு கிளி. மறுபடி காசு போட்டு இழுத்தான். மறுபடியும் ஒன்றுமில்லை. தோற்றுப் பழக்கமில்லாத கை, வாலைப் பிடித்தபடியே நின்றது. முதுகைக் காட்டி நின்ற அரசனையும் இடுக்கியையும் மாறி மாறிப் பார்த்தான் தாண்டவராயன். அவ்வளவுதான் நம் கதை என்று நினைத்தான்.

"தோண்டுங்கள்" என்றான் அரசன்.

தரைக்கடியில் மண்குழாய் இருந்தது. குழாய்க்குள் ஒரு செப்புக் கம்பி ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே போன காவல் தலைவன் சற்று நேரத்தில் திரும்பி வந்தான். "பொக்கிஷ அறையின் பின்கட்டில் முடிகிறது, அரசே. அங்கே ஒருவன் கம்பி முனையில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இங்கே முழங்கும் கட்டியம் அங்கே கேட்கிறது. கேட்டு இழுத்தால் தாமரை வரும், விட்டால் ஏதோ வரும். காலடிச் சத்தம் கேட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்..." காவல் தலைவன் தயங்கினான்.

"என்ன கேட்டான்?"

"'ராஜா இன்னிக்கு இன்னும் எத்தன வாட்டி ஆடுவாரு? கை கடுக்குது' என்று கேட்டான்."

அரசன் காவல் தலைவனைப் பார்த்தான். யானையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். உடனே அவை முழுவதும் சிரித்தது. அரசன் சட்டென்று நிறுத்தினான். அவையும் நிறுத்தியது. சந்தேகத்தோடு இன்னொரு தரம் 'ஹஹ்ஹா' என்று சிரித்துப் பார்த்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். சேனாபதி கண்ணீரைக்கூடத் துடைத்துக்கொண்டார். தாண்டவராயன் மட்டும் சும்மா நின்றான்.

"நீ ஏன் சிரிக்கவில்லை?"

"நாக்கு இருக்கிறதா என்று உள்ளே தேடிக்கொண்டிருக்கிறேன், அரசே. சிரிக்கத் தோன்றவில்லை."

அனந்தகீர்த்தியைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, யானை வயிற்றில் இருந்ததையெல்லாம் ஜனங்களுக்கே கொடுக்கச் சொன்னான் அரசன். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயனின் கழுத்தில் போட்டான். "இன்னொரு வரமும் தருகிறேன். நான் சொல்வது வேடிக்கையாக இல்லையென்றால் இந்த அவையில் நீ ஒருவன் சிரிக்க வேண்டாம்."

இதென்ன அருமையான வேடிக்கை என்று அவை கைதட்டிச் சிரித்தது. தாண்டவராயன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அரசனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.