ஆள்காட்டிக் குருவி வாயை மூடிய நாள்

ஏரிக்கரைக் கூழாங்கல் மேட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடெல்லாம் கிடையாது. கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள், அவ்வளவுதான். பக்கத்துப் புதரில் ஒரு முயல் குட்டிகளோடு இருந்தது. கோரைப்புல்லுக்குள் தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை ஒன்று குஞ்சுகளோடு இருந்தது.

யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், குருவி மேலே எழும்பிக் கத்தும். ஆடு வந்தாலும் கத்தும், ஆமை வந்தாலும் கத்தும்.

“அடியே, தொண்டைக்குள்ள தகரத்தையா உரசுறே? இப்பதான் குஞ்சுகளைத் தூங்க வெச்சேன்!” என்று எரிந்து விழும் தாழைக்கோழி.

“விடுங்க அக்கா, அது வாங்கி வந்த வரம்!” என்று முயல் சிரிக்கும்.

குருவிக்கு முகம் சுண்டிவிடும்.

ஒருநாள் புதருக்குள்ளிருந்து தேனாக ஒரு பேச்சு வந்தது. “கண்ணம்மா, எவ்வளவு அழகான சிவப்பு மூக்கு உனக்கு! அந்தக் குரல்தான் கண்றாவி. கத்தாதே. குயிலாட்டம் மெல்லக் கூவப் பழகு. எல்லாரும் உன்னைக் கொண்டாடுவாங்க!”

பேசியது காட்டுப்பூனை. குருவிக்கு அது தெரியாது. யாரோ நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டது.

“அப்பாடா!” என்றது தாழைக்கோழி.

பொழுது சாய்ந்தது. தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. காற்றே இல்லை. ஆனாலும் கோரை அசைந்தது.

குருவி எட்டிப் பார்த்தது. இரண்டு பச்சைக் கண்கள்! வயிறு தரையில் தேய ஒரு காட்டுப்பூனை ஊர்ந்து வந்தது. அது வரும் வழியில் முதலில் தாழைக்கோழிக் குஞ்சுகள். அடுத்து முயல் குட்டிகள். அதற்கும் அடுத்து... அந்த நான்கு முட்டைகள்.

குருவி வாயைத் திறந்தது. கத்த வேண்டும். ஆனால் கண்றாவி என்பார்களே! குயிலைப் போல மெல்லக் கூவிப் பார்த்தது. “கூ... கூ...”

“இன்னைக்குத்தான் நல்லா பாடுறே!” என்றது தாழைக்கோழி தூக்கக் கலக்கத்தில். அசையவே இல்லை.

பூனை பதுங்கியது. வால் நுனி மட்டும் துடித்தது. “பாடு கண்ணம்மா, பாடு!” என்று கிசுகிசுத்தது.

அந்தக் குரல்! புதருக்குள்ளிருந்து வந்த அதே தேன் குரல்!

“அடப்பாவி! என் சத்தம் அசிங்கம்னா சொன்னே? உனக்கு அதைக் கேட்டா பயம்!”

குருவி விர்ரென்று எழும்பியது. தொண்டை கிழியக் கத்தியது. ஏரி முழுக்கத் தகரம் உரசியது. தாழைக்கோழி குஞ்சுகளோடு தண்ணீரில் பாய்ந்தது. முயல் குட்டிகளோடு முள்ளுக்குள் புகுந்தது. பூனை தாவிய இடத்தில் வெறும் கோரைதான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைக்கு மேலே அதே கத்தல்!

“சனியனே, வாயை மூடு!” என்று சீறியபடி பூனை ஓடியது. முட்டைகளுக்குப் பக்கத்திலேயே கால் வைத்தது. கல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டது.

இருட்டிவிட்டது. குஞ்சுகளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. பிறகு தாழைக்கோழி தண்ணீரிலிருந்தே மெல்லக் கேட்டது:

“தங்கச்சி, இன்னும் ஒரு தடவை கத்தேன். குஞ்சுங்க பயமில்லாம தூங்கட்டும்!”

நம்மிடம் இருப்பதை யார் மட்டம் தட்டினாலும், அதன் அருமையை நாமே அறிந்து வைத்திருக்க வேண்டும்.