பாட்டில் ஒன்று, வரி ஒரு டெம்போ

ஆண்டவர் புத்தியைப் பங்குபோட்டுக் கொடுத்த அன்றைக்கு கோணக்குப்பத்துக்காரர்களும் போகத்தான் போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். வாசலில் ‘இங்கே வரிசையில் நிற்கவும்’ என்று ஒரு பலகை இருந்தது. நின்றார்கள். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டபோதும் நின்றார்கள். பங்கு தீர்ந்து கதவைச் சாத்திய பிறகும் நின்றார்கள். பலகையை யாரும் எடுக்கவில்லையே, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்!

அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவரின் வம்சம்தான் நம்ம மதலைமுத்து. புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது கோணக்குப்பம். அங்கே அவருக்கு ஒரு டெம்போ, ஒரு மகள், இரண்டு தம்பிகள். தம்பிகள் ஞானாதிக்கத்துக்கும் சவரியானுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துவிட்டு வாங்கடா என்று அண்ணன் அனுப்பினார். அவர்களும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள்.

மகள் செலின் மட்டும் எப்படியோ தப்பிப் பிறந்து நர்ஸாகிவிட்டாள். அவளுக்கு ரெனே என்கிற பையனைப் பிடித்துப்போய்விட்டது. ரெனேயின் அப்பா அமலோர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் மீசையைத் தடவிக்கொண்டு மதலைமுத்துவிடம் சொன்னார்:

“நகை வேணாம், சீர் வேணாம் சம்மந்தி. ஞாயித்துக்கெழம நிச்சயதார்த்த மேசையில ஒரு பழைய பிரெஞ்சு ஒயின் பாட்டில் இருக்கணும். பொண்ணு வீட்ல வைக்கிறதுதான் எங்க வழக்கம். இல்லேன்னா எங்க ஆளுங்க எழுந்து போயிடுவாங்க, நான் தடுக்க முடியாது. இன்டர்நெட்ல ஏலம் விடறான், இதோ இந்த பாட்டில்தான். யார் எவ்வளவு கேட்டாலும் விட்டுடாதீங்க. வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க, போட்டிக்கு வந்துடுவானுங்க.”

மதலைமுத்துவுக்கு ஒரே மகள். அவள் அழுதால் அவருக்குச் சோறு இறங்காது. நிச்சயதார்த்தத்துக்கென்று சேர்த்து வைத்த எண்பதாயிரம் பீரோவில் இருந்தது. பந்தல், பிரியாணி எல்லாம் அதில்தான்.

ஏலத்தன்று செலின் டூட்டிக்குப் போயிருந்தாள். ஒரு ஆள் கேட்டால் கைதவறி விட்டுவிடலாம் என்று அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆளுக்கொரு போனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யார்கிட்டயும் சொல்லக் கூடாது அல்லவா? அதனால் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஐயாயிரத்தில் ஆரம்பித்தது.

“எவனோ எனக்கு மேல போட்டுட்டான்டா!” என்று அலறினார் மதலைமுத்து.

“விடாதீங்கண்ணே! எனக்கு மேலயும் எவனோ போட்டிருக்கான்” என்றான் ஞானாதிக்கம்.

“உனக்குமா? அப்ப எதிரி ரெண்டு பேரு.”

“மூணு பேருண்ணே. எனக்குன்னு தனியா ஒருத்தன் வந்திருக்கான்” என்றான் சவரியான், கொஞ்சம் பெருமையாகவே.

பதினைந்து ஆயிற்று, இருபத்தைந்து ஆயிற்று. மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. முப்பத்தைந்தில் ஞானாதிக்கத்தின் போனில் சார்ஜ் தீர்ந்தது. “ஒருத்தன் ஓடிட்டான்!” என்று மற்ற இரண்டு பேரும் கைதட்டினார்கள், அவனும் சேர்ந்து தட்டினான். முப்பத்தொன்பதில் சவரியானுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. “அந்தப் பயலை நேர்லயே பாத்துக்கறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கித் தேடப் போனான். நாற்பதாயிரத்துக்குப் பாட்டில் மதலைமுத்துவுக்கு விழுந்தது.

சந்தோஷம் எத்தனை நேரம்? பில் வந்தது. ஒயின் நாற்பதாயிரம். வாங்குபவர் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வரி, ஒயினுக்கு வரி, சுங்கம், கிடங்கு வாடகை, காப்பீடு என்று இன்னும் முப்பத்தைந்தாயிரம்.

மூன்று பேரும் பில்லைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“நாப்பதாயிரத்துக்கு வர்றது ஒத்தை பாட்டிலு. முப்பத்தஞ்சாயிரத்துக்கு வரியும் கட்டணமும்னா எவ்வளவு வரும்?” என்று கேட்டார் மதலைமுத்து.

“ஒயினைவிட வரி மலிவாத்தான் இருக்கும்ணே. எப்படியும் மூட்டைக் கணக்குல வரும்” என்றான் ஞானாதிக்கம்.

“கையில தூக்க முடியாது. டெம்போவை எடு.”

புதுச்சேரி கிடங்கில் குமாஸ்தா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பாட்டிலைக் கொடுத்தார். மூன்று பேரும் நகரவில்லை.

“என்னங்க?”

“வரி” என்றார் மதலைமுத்து.

“கட்டிட்டீங்களே.”

“எங்க கட்டி வெச்சிருக்கீங்க? காட்டுங்க, நாங்களே தூக்கிக்கறோம்.”

“யோவ், அது சர்க்காருக்குப் போயிடும்யா.”

“இது நல்லா இருக்கே! காசு குடுத்தது நாங்க, சரக்கு மட்டும் அவங்களுக்கா?” என்று சவரியான் சட்டைக் கையை மடித்தான்.

“சரி, வரிதான் போச்சு. கட்டணத்தையாவது குடுங்க. சின்ன சாக்கு போதுமா, பெருசு வேணுமா?” என்று ஞானாதிக்கம் சமாதானமாகக் கேட்டான்.

இவர்களுக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். குமாஸ்தா, “வரி, கட்டணம் எல்லாம் இந்த பில்லுலயே இருக்குய்யா. எடுத்துக்கிட்டு கெளம்புங்க!” என்று கத்தினார்.

அப்படிச் சொன்னால் யார் சண்டை போடப் போகிறார்கள்? பில்லை டெம்போவின் நடுவில் வைத்தார்கள். முப்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சரக்கு, வழியில் சரிந்துவிடக் கூடாது என்று மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினார்கள். தம்பிகள் இரண்டு பேரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பும்போது குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு, “பாட்டிலைப் படுக்க வைங்கய்யா! வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, அசைக்கவே கூடாது!” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மதலைமுத்து தன் கட்டிலை ஒழித்து, புதுத் தலையணை போட்டு, பாட்டிலைப் படுக்க வைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். சவரியான் விசிறியோடு தலைமாட்டில் உட்கார்ந்தான்.

“காப்பீடுன்னு ஒண்ணு கட்டியிருக்கோமேண்ணே, அது என்ன?” என்று கேட்டான் ஞானாதிக்கம்.

“பாட்டில் ஒடைஞ்சா காசு குடுப்பாங்களாம்.”

“ஒடையலேன்னா?”

“கட்டின காசு நஷ்டம்தான்.”

“அப்ப ஒடைச்சிடுவோமா?”

மதலைமுத்து பாட்டிலின் தலையணையைச் சரிசெய்தார். “மொதல்ல நிச்சயதார்த்தம் முடியட்டும்” என்றார்.

செலின் டூட்டி முடிந்து வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். மூன்று போனையும் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா! ஒரே பெஞ்சில உக்காந்து உங்களுக்கு நீங்களே ஏலம் கேட்டிருக்கீங்கப்பா! இப்ப வர்றவங்களுக்கு சோத்துக்கு என்ன பண்றது? பிரியாணி மாஸ்டர் அட்வான்ஸ் இல்லாம அண்டாவை எறக்க மாட்டேங்கறாரு.”

அவள் கண் கலங்கியதும் மதலைமுத்துவுக்கு உலகமே இருட்டிவிட்டது. “நீ சொல்றதைச் செய்யறேம்மா. வார்த்தை தவறாம அப்படியே செய்யறேன்” என்றார். அங்கேதான் வினையே.

“பாட்டிலை உங்க போன்லயே திருப்பி ஏலத்துல போடறேன். வர்ற காசுல பிரியாணி. மாமாகிட்ட நானே பேசிக்கறேன். நாளைக்கு நான் டூட்டிக்குப் போயிட்டு வர்றவரைக்கும் நீங்க மூணு பேரும் போன்ல கை வைக்கக் கூடாது. புரியுதா?”

“கை வைக்கவே மாட்டோம்.”

மறுநாள் ஏலம் ஆரம்பித்தது. மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபதாயிரம் என்று யாரோ ஒருவர் கேட்டார்.

“நம்ம பாட்டிலை எவனோ கேக்கறான்ணே” என்றான் சவரியான்.

“கேக்கட்டும். விக்கத்தானே போட்டிருக்கு.”

“சம்மந்தி என்ன சொன்னாரு? யார் எவ்வளவு கேட்டாலும் விட்டுடாதீங்கன்னாரு.”

மதலைமுத்து தவித்துப்போனார். சம்மந்தி பேச்சை மீறினால் கல்யாணம் நின்றுவிடும். மகள் பேச்சை மீறினால் மகள் அழுவாள். ஞானாதிக்கம்தான் வழி கண்டுபிடித்தான். “கை தானேண்ணே வைக்கக் கூடாதுன்னா? மூக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே!”

மதலைமுத்து குனிந்து மூக்கால் ஒரு அமுக்கு அமுக்கினார். எதிராளி ஏற்றினான். இவர் மறுபடி குனிந்தார். அறுபதாயிரம் வந்தபோது மூக்கு சிவந்துவிட்டது. எழுபதுக்கு மேல் ஞானாதிக்கம் தன் மூக்கைக் கொடுத்து உதவினான். எண்பதாயிரத்தில் எதிராளி அடங்கினான். பாட்டில் மறுபடியும் மதலைமுத்துவுக்கே விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் ஏலக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கை வைக்கக் கூடாதே. சவரியான் மூக்கால் எடுத்தான்.

“சார், வித்தவர் நம்பரும் வாங்கினவர் நம்பரும் ஒண்ணா இருக்கே?”

“ஆமாம்மா, தெரிஞ்ச ஆளுதான். நம்பி விக்கலாம்” என்றார் மதலைமுத்து.

“விற்பனைக் கமிஷனும் நீங்கதான் கட்டணும், வாங்குபவர் கட்டணமும் வரியும் நீங்கதான் கட்டணும். சம்மதமா?”

“வித்தவரு ஒரு பங்கு, வாங்கினவரு ஒரு பங்கு. நியாயமாத்தாம்மா இருக்கு.”

மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நாற்பதாயிரத்துக்கு வாங்கிய பாட்டில், வீட்டைவிட்டு வெளியே போகாமலே எண்பதாயிரம் ஆகிவிட்டது. சுளையாக நாற்பதாயிரம் லாபம்! செலின் வந்து இதைக் கேட்டாள். இந்த முறை அவள் அழவில்லை. சிவந்த மூக்குகளைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மேசைமேல் சின்னத் தலையணையில் பாட்டில் படுத்திருந்தது. கொல்லையில் அடுப்பே மூட்டவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். மதலைமுத்து ஓடிப்போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினார். ஆனால் அமலோர் முகத்திலும் ஈ ஆடவில்லை.

“மன்னிக்கணும் சம்மந்தி. இதே மாதிரி இன்னொரு பாட்டில் ஏலத்துக்கு வந்துச்சு. ஜோடியா வெச்சா மேசைக்கு அழகா இருக்குமேன்னு, எண்பதாயிரத்தை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். எவனோ ஒரு படுபாவி விடவே மாட்டேன்னுட்டான்!”

“அந்தப் படுபாவி நான்தான் சம்மந்தி!” என்று மதலைமுத்து பூரித்துப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். “நீங்க சொன்னபடி விடவே இல்ல!”

அமலோருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. “நான் தோத்ததால எனக்கு எண்பதாயிரம் மிச்சம்! சும்மா வந்த காசு! இன்னிக்கு பிரியாணி, உங்க கமிஷன், வரி எல்லாம் என் செலவு!”

செலின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ரெனே அவளைப் பார்த்துக் கையை விரித்தான். எங்க வீட்லயும் இப்படித்தான் என்கிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மோதிரம் மாற்றினார்கள், பிரியாணி வெந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஞானாதிக்கம் கேட்டான். “அண்ணே, நமக்கு நாப்பதாயிரம் லாபம் வந்துச்சே, அது எங்க?”

“கையில ஒண்ணும் வரலியே. பாட்டிலுக்குள்ளதான் இருக்கணும்” என்றார் மதலைமுத்து.

“அப்ப எடுத்துடுவோம்” என்றார் அமலோர்.

மூடியைத் திறந்தார்கள். லாபம் அடியில் தங்கியிருக்கும் என்று ஒயினை ஒரு சொட்டு விடாமல் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்கள். அமலோர் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினார். சவரியான் டார்ச் அடித்து உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

“காலிண்ணே. ஒண்ணுமே இல்ல.”

மதலைமுத்து பெருமூச்சு விட்டார். “நாம தெறக்கறதுக்கு முன்னாடியே வரி புடிச்சுட்டானுங்க.”

எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அமலோர்தான் தைரியம் சொன்னார். “ஏன் சம்மந்தி கவலைப்படறீங்க? ஒயின்ங்கறது பழசாக ஆக வெலை ஏறும். மூடியைப் போட்டு மறுபடி படுக்க வைங்க.”

அன்று இரவு காலி பாட்டில் கட்டிலில் படுத்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சவரியான் விசிறிக்கொண்டிருந்தான். மதலைமுத்துவும் அமலோரும் கீழே பாயில் படுத்திருந்தார்கள். பாதித் தூக்கத்தில் அமலோர் இருமினார். மதலைமுத்து பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார்.

“மெதுவா சம்மந்தி, அசைஞ்சிடப் போகுது. உள்ள இப்பத்தான் பழசாக ஆரம்பிச்சிருக்கு.”