குளம்புத் தடத்தில் ஒரு கூடு

"வானம்பாடி பாடுறதில்லைங்க, சாமி."

சென்னியப்பன் இதைச் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

சாமியம்மா கிணற்றுக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எப்ப இருந்து?"

"போன மாசியிலயே கொறஞ்சு போச்சுங்க. இந்த மாசியில ஒண்ணுகூட இல்லை. ஆள்காட்டிக் குருவியும் போயிருச்சு. வெளிமானைப் பார்த்து மூணு வருசமாச்சு. நான் என்ன கொறை வெச்சேன்?"

அறுபது ஏக்கர் புல்வெளி அது. ஊர் அதைத் துறவியான சாமியம்மாவின் பொறுப்பில் விட்டிருந்தது. நடுவில் அவளுடைய குடிசை. மழை பெய்தால் முழங்கால் அளவுக்குக் கொழுக்கட்டைப்புல் எழும்பும். கோடையில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சில வெள்வேல மரங்கள். அவ்வளவுதான்.

சென்னியப்பன் லாரி ஓட்டியவர். ஒன்பது வருடத்துக்கு முன் மனைவி தெய்வானை இறந்தாள். காரியம் முடிந்த கையோடு வண்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். சாமியம்மா அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவள் காலில் விழுந்தார்.

"எனக்கு ஏதாச்சும் வேலை சொல்லுங்க, சாமி."

"இந்தத் தரையைப் பார்த்துக்குங்க" என்றாள் அவள்.

அவர் வந்தது சித்திரை மாதம். மஞ்சளாய்க் காய்ந்து கிடந்த தரையைச் சுற்றிப் பார்த்தார். இப்படி நாதியத்துக் கிடக்குதே என்று நினைத்தார்.

மறுநாளே குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

வேம்பு வைத்தார். புங்கன் வைத்தார். நாவல் வைத்தார். குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தார். கன்றை ஆடு கடிக்கிறது என்று சுற்றிலும் முள்வேலி போட்டார். பரம்பரையாய் அங்கே மாடும் செம்மறியும் மேய்த்துவந்த மாரக்காளைக் கோலை ஓங்கி விரட்டினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மரங்கள் வளர்ந்தன. பார்த்தவர்கள் எல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாயங்காலங்களில் ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அதனோடு பேசிக்கொண்டிருப்பார், தெய்வானையிடம் பேசுகிற மாதிரி.

இப்போது இந்தப் புகார்.

"இத்தனை மரம் இருக்குதுங்களே, சாமி. ஒரு குருவி கூடு கட்ட இடமா இல்லை?"

சாமியம்மா கயிற்றைக் கீழே வைத்தாள்.

"வாங்க."

இருவரும் மரங்களுக்கு நடுவே நடந்தார்கள். நல்ல நிழல். காலடியில் சருகு நொறுங்கியது. புல் இல்லை. மரம் இல்லாத இடங்களில் புல்லுக்குப் பதில் ஆளுயரத்துக்கு முட்செடி மண்டியிருந்தது.

வேலியைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் வண்டித்தடத்தை ஒட்டி ஒடுக்கமாய் ஒரு மேய்ச்சல் தரை. மாரக்காள் இப்போது அங்கேதான் மேய்க்கிறாள். மாடும் ஆடும் கடித்த புல் கட்டையாய்க் கிடந்தது. வெயில் நேராய்த் தரையில் விழுந்தது.

ஒரு வானம்பாடி விர்ரென்று மேலே ஏறியது. ஏறிக்கொண்டே பாடியது.

சென்னியப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

"உட்காருங்க" என்றாள் சாமியம்மா. "மெதுவா."

அவள் காட்டிய இடத்தில் மண்ணில் ஒரு மாட்டுக் குளம்பின் தடம். ஐப்பசி மழையில் பதிந்து அப்படியே இறுகிப்போனது. அதன் விளிம்பில் சாய்ந்த ஒரு புல் தூர். தடத்துக்குள் மெல்லிய வேர்கள் வட்டமாய்ச் சுற்றியிருந்தன. அதன் மேல் புள்ளி புள்ளியாய் மூன்று முட்டைகள்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

வேலிக்குள்ளிருந்து காக்கை ஒன்று கரைந்தது. மேலே பாட்டு சட்டென்று நின்றது. வானம்பாடி கல்லைப்போல் இறங்கிப் புல்லோடு புல்லாய் ஒடுங்கியது.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் கையால் நட்ட வேம்பு. அதன் உச்சிக் கிளையில் காக்கை. அது தலையைச் சாய்த்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"காக்காய்க்கு நாற்காலி போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார் அவர்.

சாமியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுங்களா, சாமி?"

"தெரியும்."

"நான் முதல் குழி தோண்டினப்பவே?"

"அப்பவே."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த நாளிலிருந்து அவள்மேல் வந்த முதல் கோபம்.

"பின்ன ஏன் சொல்லலை? ஒன்பது வருசம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவள் தூரத்தில் தெரிந்த ஆட்டுப்பட்டியைக் கைகாட்டினாள்.

"மாரக்காகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மாரக்காள் பட்டிக்கு வெளியே குட்டி ஒன்றின் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கோலைக் காணோம்?"

"தூக்கிப் போட்டுட்டேனுங்க."

அவள் முள்ளை எடுத்துக் கீழே எறிந்தாள். குட்டி துள்ளி ஓடியது.

"உங்க ஆடு மாடெல்லாம் மறுபடி அங்க வரணும்" என்றார் அவர்.

"எதுக்கு?"

அவர் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தார்.

"மிதிக்க" என்றார்.

மாரக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மரம்?"

"வேலிய இன்னைக்கே பிரிச்சுடறேன். மரத்தை..." திரும்பி வேலிப் பக்கம் பார்த்தார். "மரத்தை ஒவ்வொண்ணா. என் கையாலயே."

பட்டிக்குள் ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

"நீங்களாச்சும் என்னைத் திட்டியிருக்கலாம்" என்றார்.

"நூறு உருப்படி இருந்துச்சு. மேய்ச்சல் இல்லாம நாப்பதாச்சு. திட்டாம விடுவனா? திட்டத்தான் வந்தேன். உங்க மண்வெட்டியப் புடுங்கி எறியணும்னு வந்தேன். சாமியம்மாதான் வழியிலயே நிறுத்திப்போட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

மாரக்காள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"'மாரக்கா, அவர் பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு வந்திருக்கார். குழி தோண்டுற நேரம் மட்டுந்தான் அழுகாம இருக்கார். மண்வெட்டியப் புடுங்கினா ஆள் தாங்க மாட்டார். புல்லு வேர்ல உசுரைப் புடிச்சுட்டுக் கெடக்கும். அவருக்கு அது முடியாது'ன்னாங்க."

சென்னியப்பன் அசையவில்லை.

மாரக்காள் பட்டி வாசலை அடைத்திருந்த படலின் கயிற்றை அவிழ்த்தாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றாள். "வழியில நிக்கறீங்க."